தலைக்கனம்

முதலில் பற்களை எண்ண வேண்டியிருந்தது.
எழுபத்திரண்டு போட்டால்
ஐந்து பாகை அசைந்தாலே அடுத்த பல்லில் விழும்.
இண்டு இடுக்கில் கை நுழைப்பவருக்கு வரம்தான்.
ஆனால் பல் சிறுத்தால் வலுவும் சிறுக்கும்,
முழுப் பாரமும் ஏறும் நேரத்தில்
பல்லிளித்துவிடும்.

முப்பத்தாறு போட்டேன்.
நாக்கு இரண்டு வைத்தேன்,
ஒன்று கடித்திருக்கையில் மற்றது
அரைப்பல் தள்ளிக் காத்திருக்கும்படி.

வீப்க ஹோல்ட்ஹவுஸுக்கு அது கிளிங்கெ,
கதவுக் கைப்பிடிக்கும் அவர்களிடம் அதே சொல்.
எனக்கு மட்டும் நாக்கு.
முதுகிலுள்ள நெம்பியைத் தள்ளினால்
நாக்குப் புரளும்,
இறுக்கிக்கொண்டிருந்தது தளர்த்தத் தொடங்கும்.
மனிதர் செய்தால் முகத்தில் விழிக்கமாட்டோம்.
இதற்கோ விலைப்பட்டியலில்
ஆறு யூரோ கூடுதல்.

கழுத்துதான் என் தூக்கத்தைத் தின்றது.
இந்தப் பக்கம் தொண்ணூறு பாகை
அந்தப் பக்கம் தொண்ணூறு
தலை சாய வேண்டும்,
சாய்ந்த இடத்தில் நிற்கவும் வேண்டும்.
முதல் மாதிரி நிற்கவில்லை.
கைப்பிடியைக் கிடையாகப் பிடித்தால்
எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுப் பழகிய குமாஸ்தா போலத்
தொங்கிற்று.
கழற்றித் தராசில் வைத்தேன்:
தலை மட்டும் நூற்றுப் பதினெட்டு கிராம்.
குறிப்பேட்டில் தமிழில் எழுதினேன், தலைக்கனம் என்று.
என்ன எழுதியிருக்கிறாய் என்றாள் வீப்க.
எடை அதிகம் என்றேன்.
பாதி மொழிபெயர்ப்பே போதும் சில வேலைகளுக்கு.

இருபது கிராம் குடைந்தெடுத்தேன்.
கழுத்தச்சைச் சுற்றி ஒன்பது குழிகள்,
குழிக்குள் விழ மூன்று மில்லிமீட்டர் குண்டு,
அதன் முதுகைத் தள்ள
அரிசி நீளத்தில் ஒரு ஸ்பிரிங்.

சனிக்கிழமை. ரெம்ஷைட்டில் மழை,
அதைச் சொல்லத் தேவையில்லை.
சமையலறை மேசையில் கோத்தேன்.
ஸ்பிரிங்கை அழுத்தி அச்சைச் செருகும் அரை நொடியில்
முதல் குண்டு ஹீட்டருக்கு அடியில் போயிற்று.
இரண்டாவது எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.
மிச்சம் இரண்டே குண்டு.

பேக்கரிப் பை கிடந்தது,
ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் கண்ணாடித்தாள்.
காலையில் கசகசா தூவிய ரொட்டி வந்த பை.
இரண்டு கையையும் அதற்குள் விட்டு
சன்னல் வழியே என் விரல்களைப் பார்த்தபடி
மூச்சைப் பிடித்து
அழுத்தி
திருப்பி
செருகினேன்.
ஒருமுறை துள்ளிய குண்டு
பைக்குள்ளேயே விழுந்தது.
மறுமுறை, டக்.

அதேபோல் ஒன்றைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம்.
இருநூறு நியூட்டன் மீட்டரில்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
இருநூற்று நாற்பத்தொன்றில்
கழுத்தச்சு முறிந்தது.
பல்லும் பிழைத்தது, நாக்கும் பிழைத்தது.
இயந்திரங்களில் இப்படி அபூர்வமாக நடக்கும்.

மேசையில் கோத்ததை நெவ்ஸாத்திடம் கொடுத்தேன்.
ஸோலிங்கன் டிராலிபஸ் பணிமனையில் இரவு வேலை,
புகழ்வது அவர் தொழில் அல்ல.
மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டேன்.
"நான்காவது குழி கரகரக்கிறது" என்றார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது.
"கசகசா உள்ளே போயிருக்கும்.
திருப்பித் தாருங்கள், கழுவித் தருகிறேன்."

மறுமுனையில் காற்றுக் குழாயின் சீறல்.
யாரோ யாரையோ துருக்கியில் கூப்பிட்டார்கள்.

"வேண்டாம்" என்றார்.
"கம்ப்ரஸருக்குப் பின்னால் விளக்கு எட்டாது.
கரகரப்பு வந்தால் கோணம் சரி.
என் பேரையும் கைப்பிடியில் கீறிவிட்டேன்."

திங்கட்கிழமை வரைபடத்தைத் திறந்து
நான்காவது குழியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்பதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று
என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு.
வீப்க பின்னால் வந்து நின்றாள்.
அதை அழித்துவிட்டேன்.
கசகசாவுக்கு என்ன அளவு போடுவது,
கூடக் குறைய எத்தனை மைக்ரான் அனுமதிப்பது,
அவளிடம் எந்த மொழியில் தொடங்குவது
என்றுதான் இன்னும் தெரியவில்லை.